முன்சில்லுகளும் முறுக்குவிசையும்: விரைவுக் காருக்கு ஏற்ற டிபரென்சலைத் தெரிதல்

மோட்டார்க் காரின் எஞ்சினைப் பற்றிப் பேசுவோர் பலர். அதன் ரயர்களைப் பற்றியும் பிறேக்கைப் பற்றியும் பேசுவோர் சிலர். எஞ்சின் பிறப்பிக்கும் முறுக்குவிசையை இரு சில்லுகளுக்கும் பங்கிட்டு அளிக்கும் டிபரென்சல் என்னும் பொறியைப் பற்றிப் பேசுவோரோ மிகச் சிலரே. கண்ணுக்குப் புலனாகாமல், ஒயிலில் மூழ்கிக் கிடந்து, தன் கடனை ஆற்றும் பொறியாதலின் அது பேசப்படாமற் போவது இயல்பே. ஆயினும், காரின் வலுவைக் கூட்டிக்கொண்ட இளைஞர் ஒருவர் மூன்றாம் நாளே அப்பொறியைப் பற்றி வினவத் தொடங்கிவிடுகிறார். வளைவு ஒன்றிலிருந்து வெளியேறும்போது உட்சில்லு வீணே சுழன்று புகை எழுப்புவதும், கார் முன்னேறாது நிற்பதும் அவரை அவ்வாறு வினவச் செய்கின்றன.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் சிலாபத்தையும் அதனையடுத்த கரையோர ஊர்களையும் வாழிடமாகக் கொண்டோர் உளர். அவர்தம் பிள்ளைகளுட் பலர் இன்று விரைவுக் கார்களில் ஆர்வங்கொண்டுள்ளனர். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025ஆம் ஆண்டு பெப்புருவரியிலேயே மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட ஐந்தாண்டுக் காலத்தில், கைவசமிருந்த பழைய ஹொண்டாக்களையும் பிறவற்றையும் செப்பனிட்டு வலுவூட்டிக்கொள்ளும் வழக்கம் நாடெங்கும் பெருகிற்று. அவற்றுட் பெரும்பாலானவை முன்சில்லுகளால் இழுக்கப்படும் கார்கள். அத்தகைய காருக்கு எவ்வகை டிபரென்சலைத் தெரிந்தெடுத்தல் தகும் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதும் உரிமை நமக்கு உண்டோ என வினவின், ஒரு தவற்றின் வாயிலாக அவ்வுரிமையைப் பெற்றோம் என்றே விடைகூறல் வேண்டும். அதனை முதலிற் கூறிவிடுவோம்.

நம் பள்ளித்தோழர் ஒருவரின் மகன் சிலாபத்தில் வசிப்பவர். சில ஆண்டுகளுக்கு முன் தமது ஹொண்டா சிவிக் காருக்கு எவ்வகை டிபரென்சல் பொருத்தலாம் என நம்மை வினவினார். பந்தயக் கார்களைப் பற்றி நூல்களிற் படித்திருந்த நாம், “பொருத்துவதாயின் உறுதியான தட்டு வகையையே பொருத்துக; அதிலும் இருவழி வகையே சிறந்தது” என்று சிறிதும் தயங்காது மொழிந்தோம். அவரும் அவ்வாறே செய்தார். ஐப்பசி மழை பெய்த ஒரு மாலையில் அவர் மாதம்பையிலிருந்து சிலாபம் நோக்கி வந்துகொண்டிருந்தார். எதிரே வந்த பேருந்துக்கு இடங்கொடுக்க எண்ணி, இடப்பக்கச் சில்லுகளை வீதியோரத்து ஈரமணலில் இறக்கினார். பேருந்து கடந்ததும் தாரின்மேல் ஏறுவதற்காக அக்சிலறேற்றரை அழுத்தினார். மணலில் நின்ற இடச்சில்லுக்குப் பிடிப்பில்லை. தாரில் நின்ற வலச்சில்லே முறுக்குவிசை முழுவதையும் ஏற்றது. ஆகவே காரின் முன்பக்கம் இடப்புறமாக வெட்டி இழுத்தது. திடுக்கிட்ட அவர் ஸ்டியறிங்கை வலப்புறம் திருப்பியவாறே அக்சிலறேற்றரைச் சட்டென விட்டார். இருவழிப் பொறி அப்போதும் பிடிப்பை விடாமையால் எஞ்சினின் தடை வலச்சில்லிலேயே விழுந்தது. இழுப்பு மறுபுறம் மாறிற்று. கார் வீதியைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கத் தென்னந்தோட்டத்தின் வாய்க்காலில் இறங்கி நின்றது. பேருந்து சற்று முன்னரே கடந்துவிட்டமையாலும், அதன்பின் வேறு வாகனம் வாராமையாலும் உயிர்ச்சேதம் நேரவில்லை.

மறுநாள் அவரைக் காணச் சென்றோம். “மாமா, நான் அதைத் திருப்பவில்லை, அதுதான் என்னைத் திருப்பியது” என்றார். அச்சொல் நம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. பொறியிற் குறையில்லை, பொருத்தியவர் கைவேலையிலும் குறையில்லை. பந்தயத் திடலுக்கு உரியதை மழைக்காலத்து வீதிக்கு எடுத்துரைத்த நம் அறிவுரையே குறையுடையது. அன்று முதல் இப்பொருளை முறையாகக் கற்கலானோம். கற்றவற்றை ஈண்டுத் தருகின்றோம்.

டிபரென்சலின் தேவை

ஓர் அச்சின் இரு முனைகளிலும் உள்ள சில்லுகள் வளைவிலே ஒரே தூரத்தை ஓடுவதில்லை. உட்சில்லு குறுகிய வட்டத்திலும் வெளிச்சில்லு அகன்ற வட்டத்திலும் ஓடுகின்றன. சில்லுகளுக்கிடையே 1.5 மீற்றர் அகலம் கொண்ட காரொன்று கால்வட்டம் திரும்புவதாகக் கொள்வோம். வெளிச்சில்லு உட்சில்லைவிட ஏறத்தாழ 2.36 மீற்றர் கூடுதலாக ஓடல் வேண்டும். வளைவு சிறியதாயினும் பெரியதாயினும் இவ்வேறுபாடு மாறாது. அது சில்லுகளின் இடையகலத்தையும் திரும்பிய கோணத்தையுமே பொறுத்தது. பள்ளியிற் கற்ற வட்டக் கணக்கைக் கொண்டு வாசகர் இதனைத் தாமே சரிபார்க்கலாம்.

மாட்டுவண்டிக்கு இதனால் இடரில்லை. அதன் சில்லுகள் அச்சில் தனித்தனியே சுழல்கின்றன; வண்டியை இழுப்பது மாடு, சில்லு அன்று. முன்னேஸ்வரத்துத் தேரும் அத்தகையதே. வடத்தை இழுப்போர் பலராயினும் சில்லுகள் தம்போக்கில் உருளுகின்றன. சில்லைக்கொண்டே வண்டியை இழுக்க முற்படும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. இரு சில்லுகளையும் ஒரே தண்டாற் பிணைத்துச் சுழற்றினால், வளைவிலே ஏதேனும் ஒன்று வழுக்கியே தீரும்.

இச்சிக்கலைத் தீர்க்கும் பற்சில்லுத் தொகுதியைப் பிரான்சு நாட்டுக் கடிகாரத் தொழிலறிஞர் ஒனெசிபோர் பெக்கர் 1820களின் பிற்பகுதியில் நீராவி வண்டிக்காக வகுத்தார். அதுவே இன்றைய திறந்த டிபரென்சலின் மூலம். அது இரு சில்லுகளையும் வெவ்வேறு வேகத்திற் சுழலவிடுகிறது. ஆனால் இரண்டுக்கும் சமமான முறுக்குவிசையையே அளிக்கிறது. அதன் சிறப்பும் குறையும் இச்சமத்துவத்திலேயே அடங்கியுள்ளன.

பிடிப்புக் குறைந்த சில்லு எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்குமோ அவ்வளவே மற்றச் சில்லுக்கும் கிட்டும். உட்சில்லு 40 அலகும் வெளிச்சில்லு 120 அலகும் தாங்கவல்லன எனக் கொள்வோம். திறந்த டிபரென்சல் 40உம் 40உமாக 80 அலகையே நிலத்துக்கு அளிக்கும். வெளிச்சில்லில் எஞ்சியுள்ள 80 அலகுப் பிடிப்பு பயன்படாது போகின்றது. இந்த இழப்பை மீட்பதற்கென்று எழுந்தவையே லிமிட்டட் சிலிப் டிபரென்சல் எனப்படும், வழுக்கலை மட்டுப்படுத்தும் பொறிகள். 1930களில் அவுட்டோ யூனியன் பந்தயக் கார்களின் பின்சில்லு ஒன்று பெருவேகத்திலும் வீணே சுழன்றமையால், பேர்டினண்ட் போர்ஷே 1935இல் செட்.எப். நிறுவனத்தைக் கொண்டு அத்தகைய பொறியொன்றை வகுப்பித்தார் என்பது வரலாறு.

முன்சில்லுக் காரின் தனித்தன்மை

அவுட்டோ யூனியன் பின்சில்லால் உந்தப்பட்ட கார். நம் இளைஞர் வைத்திருப்பவையோ முன்சில்லால் இழுக்கப்படுபவை. 1934இல் சித்ரோயன் நிறுவனம் அவ்வகைக் காரைப் பெருந்தொகையில் ஆக்கியது. 1959இல் அலெக் இசிகோனிசு வகுத்த மினி, எஞ்சினைக் குறுக்காக வைத்து, சிறிய காருக்கு அதுவே ஏற்ற அமைப்பென நிறுவியது. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மினி கூப்பர் எஸ் கார்கள் மொண்டிகார்லோப் போட்டியில் வெற்றியீட்டின. அதன்பின் முன்சில்லுக் கார் பந்தயத்துக்கு ஆகாது என்ற கூற்று அடங்கிற்று.

எனினும் முன்சில்லுக்கு இரு கடமைகள் உள. இழுப்பதும் அதுவே, திருப்புவதும் அதுவே. ரயரின் பிடிப்பு வரையறையுடையது. இழுப்பிற்குச் செலவிட்ட பங்கு திருப்பத்திற்குக் கிட்டாது. வேகம் கூட்டும்போது காரின் பாரம் பின்னோக்கிச் சாய்வதால், இழுக்கவேண்டிய முன்சில்லுகளே பாரம் குறைந்து நிற்கின்றன. மேட்டில் ஏறும்போது இக்குறை மேலும் மிகும். 1934 முதல் நுவரெலியாவில் நடைபெற்றுவரும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி போன்றவற்றில், கொண்டையூசி வளைவுகளிலே முன்சில்லுக் கார்களின் உட்சில்லு சுழலுவதற்குக் காரணம் இதுவே.

இன்னொன்றும் உண்டு. பின்சில்லுக் காரிலே டிபரென்சல் செய்வதை ஓட்டுநர் தம் இருக்கையில் உணர்கிறார். முன்சில்லுக் காரிலோ அதனைத் தம் இரு கைகளில் உணர்கிறார். ஒரு முன்சில்லுக்கு மற்றதைவிட மிகுந்த முறுக்குவிசை செல்லும்போது ஸ்டியறிங் ஒரு பக்கம் இழுபடும். வறண்ட வளைவிலே இது நன்மையாகிறது. வெளிச்சில்லு மிகுதியாக இழுப்பதால் காரின் மூக்கு வளைவின் உட்புறம் திரும்புகிறது. ஈரமும் மணலும் கலந்த வீதியிலோ அதே இழுப்பு எதிர்பாராத வேளையில் எதிர்பாராத திசையில் எழுகிறது. ஆகவே முன்சில்லுக் காருக்கு டிபரென்சல் தெரியும்போது, “எவ்வளவு பிடிக்கும்?” என்பதோடு, “எவ்வளவு மெல்லப் பிடிக்கும், எப்போது விடும்?” என்பவற்றையும் வினவுதல் வேண்டும்.

வகைகளும் இயல்புகளும்

முதலாவது, தட்டு வகை. சில்லுத்தண்டுகளோடு சுழலும் தட்டுகளும் வெளிக்கூட்டோடு சுழலும் தட்டுகளும் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கும். எஞ்சினின் விசை வரும்போது நடுவிலுள்ள ஊசி ஒரு சாய்தளத்தின்மேல் ஏறித் தட்டுகளை நெருக்கும். உராய்வினால் இரு சில்லுகளும் பிணைகின்றன. வேகம் கூட்டும்போது மாத்திரம் நெருக்குவது ஒருவழி வகை. வேகம் குறைக்கும்போதும் அதேயளவு நெருக்குவது இருவழி வகை. வேகம் குறைக்கும்போது ஓரளவே நெருக்குவது ஒன்றரைவழி வகை. இவற்றோடு, விசை எதுவும் இல்லாதபோதும் தட்டுகளை அழுத்திவைக்கும் வில்லின் முன்னழுத்தமும் உண்டு. ஒரு சில்லு நிலத்தை விட்டே எழும்பினாலும் இம்முன்னழுத்தத்தின் அளவு முறுக்குவிசை மற்றதற்குச் செல்லும் என்பது இவ்வகையின் தனிச்சிறப்பு. தட்டுகளைக் கூட்டியும் குறைத்தும், சாய்தளக் கோணத்தை மாற்றியும் வேண்டியவாறு அமைத்துக்கொள்ளலாம்.

இதன் குறைகளாவன: தட்டுகள் தேயும்; காலத்துக்குக் காலம் பிரித்துப் புதுப்பித்தல் வேண்டும். முன்னழுத்தம் மிகுந்தால் குறுகிய இடத்தில் திருப்பும்போது கடகடவென ஒலியெழும், ஸ்டியறிங் பாரமாகும், வளைவில் நுழையும்போது கார் திரும்பாது நேரே செல்ல முனையும். முன்சில்லுக் கார்களில் டிபரென்சல் கியர்ப்பெட்டியின் உள்ளேயே அமைந்து, ஒரே ஒயிலைப் பங்கிட்டுக்கொள்கிறது. தட்டுகளுக்கு ஏற்ற ஒயில் கியர் மாற்றத்துக்கு ஏற்காமற் போதலும் உண்டு. பழைய மினியிலோ எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் ஒரே ஒயில். ஆகவே தட்டுகளின் தேய்மானத் துகள் எஞ்சின் ஒயிலிலேயே கலக்கும். ஒயிலை அடிக்கடி மாற்றுதல் தவிர்க்கவொண்ணாதது.

இரண்டாவது, சாய்பற் சில்லு வகை. இதிலே தட்டுகள் இல்லை. சாய்ந்த பற்களையுடைய சிறு பற்சில்லுகள் இணையிணையாகக் கூட்டினுள்ளே பொதியப்பட்டிருக்கும். முறுக்குவிசை வரும்போது சாய்ந்த பற்கள் ஒன்றையொன்று தள்ளி, பற்சில்லுகளைக் கூட்டின் சுவரோடு நெருக்குகின்றன. அவ்வுராய்வு வழுக்க முனையும் சில்லைத் தடுத்து, பிடிப்புள்ள சில்லுக்கு மிகுந்த பங்கை அனுப்புகிறது. இங்கிலாந்தின் குவைப் நிறுவனத்தின் பொறி இவ்வகையினது. அமெரிக்கரான வேர்ணன் கிளீஸ்மன் வகுத்த ரோர்சன் என்பதும் இதே தத்துவத்தின் வேறொரு வடிவம். ஹொண்டா நிறுவனம் 1995இல் யப்பானில் வெளியிட்ட இன்ரெக்ரா டைப் ஆர் காரிலும், 1997இன் சிவிக் டைப் ஆர் காரிலும் சாய்பற் சில்லு வகையையே அமைத்தது. 2002இல் வெளிவந்த போர்ட் போக்கஸ் ஆர்.எஸ். காரில் குவைப் பொறி இடம்பெற்றது. வீதிக்கென்று முன்சில்லு விரைவுக் கார் ஆக்கிய நிறுவனங்கள் பலவும் இவ்வகையை நாடியமை கருதத்தக்கது.

இதன் அளவுகோல் சார்பு விகிதம் எனப்படும். விகிதம் 2.5 ஆயின், பிடிப்புக் குறைந்த சில்லு தாங்குவதைப் போல இரண்டரை மடங்கு வரை மற்றதற்குச் செல்லும். முற்கூறிய கணக்கில் உட்சில்லுக்கு 40, வெளிச்சில்லுக்கு 100, ஆக 140 அலகு நிலத்தை அடையும். திறந்த டிபரென்சலின் 80 எங்கே, இந்த 140 எங்கே! இதற்குத் தனி ஒயில் வேண்டுவதில்லை. தேய்மானம் மிகக் குறைவு. அக்சிலறேற்றரை விட்டால் பிடிப்பும் பெரும்பாலும் தளர்ந்துவிடும்.

ஆனால் மடங்கு என்பது மடங்கே. பூச்சியத்தை இரண்டரையாற் பெருக்கினாலும் பூச்சியமே. ஒரு சில்லு காற்றில் எழும்பினாலோ, கடற்கரை மணலில் புதைந்து வீணே சுழன்றாலோ இவ்வகை ஏறக்குறைய திறந்த டிபரென்சலாகவே ஆகிவிடும். அவ்வேளையில் பிறேக்கை மெல்ல மிதித்தவாறு வேகம் கொடுத்தல் ஓர் உபாயம். பிறேக் ஒவ்வொரு முன்சில்லிலும் 20 அலகு தடையை உண்டாக்குவதாகக் கொள்வோம். சுழலும் சில்லுக்கு 20 செல்ல, மற்றதற்கு 50 செல்லும். அதில் 20 அதன் பிறேக்கிற்கே போக 30 எஞ்சும். பின்சில்லுகளின் பிறேக் அதிலும் ஒரு பங்கை விழுங்கினும், சிறிதேனும் இழுப்புக் கிட்டும். திறந்த டிபரென்சலில் இவ்வுபாயம் பயன்படாது. இருபுறமும் 20 சென்று, இருபுறமும் 20 கழிந்து, எஞ்சுவது ஒன்றுமில்லை.

மூன்றாவது, பாகு வகை. தடித்த சிலிக்கன் நெய்மத்தினுள்ளே தட்டுகள் ஒன்றையொன்று தொடாது சுழலும். ஒரு சில்லு மற்றதைவிட விரைந்து சுழலும்போது நெய்மத்தின் பாகுநிலை அதனைத் தடுக்கும். 1990களின் நிசான் சென்ற்றா எஸ்.ஈ.-ஆர். முதலிய கார்களில் இது இடம்பெற்றது. இதன் செயல் மென்மையானது; ஆனால் சில்லு சுழன்ற பின்னரே விழித்தெழுவது. ஆண்டுகள் செல்ல நெய்மம் தன் இயல்பை இழக்கும். பழைய காரிலிருந்து கழற்றிய இவ்வகைப் பொறியை விலைகொடுத்து வாங்குதல் அறிவுடைமையாகாது.

நான்காவது, பிறேக்கின் துணையால் இயங்கும் மின்னணு முறை. திருவிழாவிலே தேர் தெருமுனையில் திரும்பும்போது உட்பக்கச் சில்லுக்கு முட்டுக்கட்டை இடுவதைக் கண்டிருக்கிறோம். உட்சில்லு தடைபட, வெளிச்சில்லு சுற்றிவர, தேர் திரும்புகிறது. புதிய கார்கள் பலவற்றில் கணினி செய்வதும் அதுவே. சுழல முனையும் உட்சில்லின் பிறேக்கைத் தானே பிடித்து, வெளிச்சில்லுக்கு வேலை கொடுக்கிறது. வீதிக்கு இது போதும். தொடர்ந்து விரைவாக ஓட்டினாலோ பிறேக் சூடேறும். வலுவின் ஒரு பங்கு வெப்பமாக வீணாகும். 2013ஆம் ஆண்டளவில் வொல்க்ஸ்வாகன் கொல்ப் ஜி.ரி.ஐ. காரின் ஒரு வகையில், கணினியின் ஆணைப்படி தட்டுகளை நெருக்கும் பொறியும் வந்தது. இத்தகையவை காரோடு பிறந்தவை. பழைய காரிற் பின்னர் பொருத்துதற்கு எளியவை அல்ல.

இவற்றின் புறம்பே, டிபரென்சலின் உட்பற்சில்லுகளை ஒட்டுவேலை செய்து இறுக்கிவிடும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. முன்சில்லுக் காரிலே வீதியில் ஓட்டுதற்கு அது ஒருபோதும் தகாது. ஒவ்வொரு திருப்பத்திலும் ரயரும் தண்டும் முறுக்குண்டு வருந்தும். ஸ்டியறிங்கும் ஓட்டுநருக்கு அடங்காது.

யாருக்கு எது

கொழும்பிலிருந்து சிலாபம் வழியாகப் புத்தளம் செல்லும் வீதியை எண்ணிப் பார்ப்போம். நடுவே வழவழப்பான தார். ஓரத்தில் மணலும் சரளையும். சித்திரையிலும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டும் மழை. இடையிடையே பேருந்துகளும் முச்சக்கர வண்டிகளும் துவிச்சக்கர வண்டிகளும். இருபுறச் சில்லுகளும் ஒத்த பிடிப்பைப் பெறும் நேரம் குறைவு. இத்தகைய வீதியில் நாள்தோறும் ஓடி, ஆண்டில் ஓரிரு நாள் பந்தயத் திடலைக் காணும் காருக்குச் சாய்பற் சில்லு வகையே தக்கது என்பது நம் முடிபு. மணலோரத்தில் அதுவும் சற்றே இழுக்கும். அதனை மறைத்தல் தகாது. ஆயினும் அதன் இழுப்பு, பிடிப்பற்ற சில்லு தாங்கும் அளவின் மடங்கிற்குள் கட்டுப்பட்டிருக்கும். பிடிப்புக் குறையக் குறைய இழுப்பும் குறையும். நம் தோழரின் மகனுக்கு அன்று வேண்டியிருந்தது இக்குணமே.

வாரந்தோறும் போட்டிக்கென்றே ஆயத்தம் செய்யப்பட்டு, வீதியில் ஓடாத காருக்குத் தட்டு வகை பொருந்தும். மேடுபள்ளமான சரளைத் திடலில் சில்லு அடிக்கடி நிலத்தை விட்டு எழுவதால் சாய்பற் வகை அங்கே கைவிடும். அங்கும் ஒருவழியிலோ ஒன்றரைவழியிலோ, குறைந்த முன்னழுத்தத்தோடு தொடங்கி, ஓட்டுநர் பழகப் பழகக் கூட்டுதலே முறை. இருவழி வகை பெரும்பாலும் பின்சில்லுக் காருக்கு உரியது.

கடைக்குப் போகவும் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுசெல்லவும் பயன்படும், வலுவூட்டப்படாத காருக்கோ திறந்த டிபரென்சலே போதும். இதைக் கேட்டு இளைஞர் முகஞ்சுளிக்கலாம். ஆயினும் உண்மை அதுவே.

பொறியை வாங்குமுன்

உட்சில்லு சுழலுகிறது என்றவுடன் டிபரென்சலைக் குறைகூறுதல் கூடாது. முதலில் ரயர்களை நோக்குக. கடினமான, பழைய ரயருக்கு எப்பொறியும் பிடிப்பை உண்டாக்கித் தராது. இருக்கும் பிடிப்பைப் பங்கிடுவது மாத்திரமே டிபரென்சலின் தொழில். அடுத்து, காற்றழுத்தம், சில்லுகளின் நேர்த்தி, எஞ்சினைத் தாங்கும் இரப்பர்கள், கீழ்க்கைகளின் புசுக்கள் ஆகியவற்றைச் சரிபார்க்க. தளர்ந்த புசுக்களோடு மட்டுப்படுத்தும் டிபரென்சலைப் பொருத்தினால் ஸ்டியறிங்கின் இழுப்பு இருமடங்காகத் தோன்றும். பின்பக்கத்துச் சாய்வுத்தடுப்புக் கம்பியைச் சற்றுத் தடித்ததாக மாற்றின், வளைவிலே முன் உட்சில்லு நிலத்தை நன்கு பற்றி நிற்கும். சிறு செலவில் பெரும்பயன் தரும் மாற்றம் இது. சாய்பற் வகைக்கு இரு சில்லுகளும் நிலத்தில் நிற்றல் இன்றியமையாததாதலின், இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகும்.

பாவித்த பொறியை வாங்குவோர் ஒன்றை அறிந்திருத்தல் நலம். காரின் முன்பக்கத்தை உயர்த்தித் தாங்கிகளின் மேல் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கியரில் இட்டு, ஒரு சில்லைக் கையாற் சுழற்றுக. மற்றச் சில்லு எதிர்த்திசையில் எளிதிற் சுழன்றால் அது திறந்த வகை. அசைய மறுத்தால் தட்டு வகை. சாய்பற் வகையோ திறந்த வகையைப் போலவே எளிதிற் சுழன்றுவிடும். ஆகவே இச்சோதனையைக் கொண்டு சாய்பற் வகை உள்ளதென்றோ இல்லையென்றோ துணிதல் இயலாது. “உள்ளே டைப் ஆர் டிபரென்சல் இருக்கிறது” என்று கூறி விற்கப்படும் கியர்ப்பெட்டியைத் திறந்து கண்ணாற் கண்ட பின்னரே அதற்கென மிகைவிலை கொடுத்தல் வேண்டும்.

பொருத்தும் வேலை நுட்பமானது. கியர்ப்பெட்டியை இறக்கிப் பிரித்து, பெரிய பற்சில்லைப் புதிய கூட்டில் ஏற்றி, அதன் ஆணிகளை உரிய அளவு முறுக்கி, புதிய பெயாரிங்குகளையும் ஒயில் சீல்களையும் இட்டு, இடைவெளித் தகடுகளால் பெயாரிங்கின் அழுத்தத்தைச் சரிசெய்தல் வேண்டும். சில ஹொண்டாக் கியர்ப்பெட்டிகளில் அவ்வாணிகள் இடப்புரி கொண்டவை. அறியாதவர் வலிந்து திருகினால் முறிந்துவிடும். கராஜை நாடுவோர் விலையை வினவுமுன், இவ்வகைக் கியர்ப்பெட்டியை முன்னர் பிரித்த அனுபவம் உண்டோ என்று வினவுவாராக. மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்துவிடுதலும் நன்று. விபத்தின் பின்னர் அறிவிப்பதாற் பயனில்லை.

பொருத்திய பின்

புதிய டிபரென்சலோடு கூடிய கார் புதிய காரே. பழைய பழக்கத்தோடு அதனை ஓட்டலாகாது. வெறுமையான இடத்தில், வறண்ட நாளில் ஒருமுறையும் ஈரநாளில் ஒருமுறையும் மெல்ல மெல்ல அதன் இயல்பை அறிதல் வேண்டும். வளைவின் நடுவே அக்சிலறேற்றரைச் சட்டென அழுத்துவதும் சட்டென விடுவதும் தவிர்க்கத்தக்கவை. மணலோரத்தில் ஒரு பக்கச் சில்லு இறங்கிவிட்டால், வேகங்கொடுத்து ஏற முயலாது, ஸ்டியறிங்கை உறுதியாகப் பற்றி, வேகம் தானே குறையவிட்டு, அதன்பின் மெல்ல ஏறுக. அன்று நாம் கூறத் தவறிய அறிவுரை இதுவே.

விரைவில் நாட்டமுடையோரை நாம் இகழவில்லை. அந்நாட்டத்துக்கு உரிய இடங்கள் நாட்டில் உள. அங்கும் காவல் வேண்டும். 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி தியத்தலாவை பொக்ஸ்ஹில் திடலில் பந்தயக் கார் ஒன்று பார்வையாளரிடையே புகுந்ததால் எழுவர் உயிரிழந்தனர். அவ்விபத்தை டிபரென்சலோடு தொடர்புபடுத்துவது நம் கருத்தன்று. காவலமைந்த திடலிலேயே ஒரு கணத்தில் அத்துணைக் கேடு விளையுமாயின், பள்ளிப்பிள்ளைகள் நடந்துசெல்லும் வீதியில் என்னாகும் என்பதையே எண்ணிப்பார்க்கச் சொல்கிறோம்.

நம் தோழரின் மகன் பின்னர் அத்தட்டுப் பொறியைக் கழற்றிப் பந்தயக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டு, சாய்பற் சில்லு வகையொன்றைப் பொருத்திக்கொண்டார். அண்மையில் அவரோடு மாதம்பையிலிருந்து சிலாபம் வரை சென்றோம். மழை பெய்துகொண்டிருந்தது. பேருந்து ஒன்று எதிரே வர, அவர் இடப்புறம் ஒதுங்கி, வேகத்தைத் தணித்து, அது கடந்த பின் மெல்லத் தாரின்மேல் ஏறினார். ஸ்டியறிங் அசையவில்லை. அவரும் ஒன்றும் கூறவில்லை. நாமும் ஒன்றும் கூறவில்லை.